கண் தெரியாத பிள்ளைக்கும் பள்ளிக்கூடம் உண்டு



இந்தப் பகுதியில் இரத்தக் கொதிப்பு, இனிப்பு நீர், மூட்டு வலி என்று பெரியவர்களின் நோய்களைப் பற்றித்தான் அதிகம் பேசி வருகிறோம். இந்த முறை பிள்ளைகள் பக்கம் திரும்புவோம். அதிலும் எல்லாரும் பேசத் தயங்கும் ஒரு விஷயத்தை எடுத்துக்கொள்வோம்.

உங்கள் தோட்டத்தில், அல்லது தோட்டத்தை விட்டு வந்து நீங்கள் குடியிருக்கும் தாமானில், கண் தெரியாத பிள்ளை இருக்கிறதா? "அப்படி யாரும் இல்லீங்களே" என்று உடனே சொல்லிவிடாதீர்கள். கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். கோயில் திருவிழாவுக்குக்கூட வெளியே வராத பிள்ளை, ஆறு வயது ஏழு வயது ஆகியும் பாட்டியின் இடுப்பிலேயே இருக்கும் பிள்ளை, விருந்தாளி வந்தால் உள்ளறைக்குக் கொண்டு போகப்படும் பிள்ளை. நம் லயங்களில் இப்படிப்பட்ட பிள்ளைகள் இருந்தார்கள், இன்றும் இருக்கிறார்கள். பெற்றவர்களுக்குப் பாசம் குறைவு என்று யாரும் சொல்ல முடியாது. "பாவம், அதுக்கு என்னா தெரியும், நாம இருக்கிற வரைக்கும் பாத்துக்குவோம்" என்று மடியில் வைத்து ஊட்டி வளர்க்கிறார்கள். ஆனால் அந்தப் பாசமே பிள்ளைக்கு விலங்காகிவிடுகிறது. நாம் இல்லாத காலத்தில் அது என்ன செய்யும்? இந்தக் கேள்வி ஒவ்வொரு தாயின் நெஞ்சிலும் இருக்கிறது. வாய் விட்டுக் கேட்பவர்கள்தான் குறைவு.

பினாங்கில் இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கு வழி இருக்கிறது. நேற்று முந்தாநாள் வந்த வழியும் இல்லை. நூறு வருஷத்துக்கு முந்திய கதை அது. அதைச் சொல்வதற்கு முன்னால் ஆஸ்பத்திரிக் கதையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பள்ளிக்கூடத்துக்கு வழி ஆஸ்பத்திரி வாசல் வழியாகத்தான் போகிறது.

எல்லாம் இருட்டு இல்லை

பார்வை இல்லை என்றால் ஒரே இருட்டு என்று நாம் நினைக்கிறோம். அது சரியில்லை. பார்வைக் குறைபாடு உள்ள பிள்ளைகளில் பெரும்பாலோருக்குக் கொஞ்சமாவது பார்வை இருக்கும். சிலருக்கு வெளிச்சமும் நிழலும் தெரியும். சிலருக்கு முகம் தெரியும், எழுத்து தெரியாது. வேறு சிலருக்கு நேரே உள்ளது தெரியும், பக்கத்தில் உள்ளது தெரியாது. குழாய் வழியாகப் பார்ப்பது போல் இருக்கும்.

டாக்டர்கள் இதைக் கணக்குப் போட்டுச் சொல்வார்கள். நல்ல கண் உள்ளவர் 60 மீட்டர் தூரத்தில் அடையாளம் காணும் எழுத்தை, ஒரு பிள்ளை 3 மீட்டர் கிட்டே வந்தும் காண முடியவில்லை என்றால் அதைப் பார்வையின்மை என்பார்கள். மற்றவர் 18 மீட்டரில் பார்ப்பதை 6 மீட்டரில் பார்க்க முடியாமல், அதே சமயம் முதலில் சொன்ன அளவுக்கு மோசமாகவும் இல்லாமல் இருந்தால் அது குறைபார்வை. இரண்டு கண்ணில் நல்ல கண்ணை, அதுவும் சரியான கண்ணாடி போட்ட பிறகு சோதித்துத்தான் இதைச் சொல்வார்கள். ஆகையால் கண்ணாடி போட்டால் சரியாகிவிடும் பிள்ளையை இந்தக் கணக்கில் சேர்க்க மாட்டார்கள். கண்ணாடி இல்லாத ஒரே காரணத்தால் வகுப்பில் மக்கு என்று பெயர் வாங்கிய பிள்ளைகள் நம்மில் எத்தனையோ பேர். அது வேறு துக்கம்.

காத்திருக்கக் கூடாத கண்கள்

சில கண் நோய்களில் ஒரு மாதம் தாமதித்தாலும் பார்வை போய்விடும். தாய்மார்கள் இதைக் கவனமாகப் படிக்க வேண்டும். படிக்கத் தெரியாத பாட்டிகளுக்குப் படித்துக் காட்டவும் வேண்டும்.

பிறந்து ஒன்றரை இரண்டு மாதத்தில் பிள்ளை தாயின் முகத்தைப் பார்க்க வேண்டும். மூன்று மாதத்தில் கண் முன்னால் ஆட்டும் பொருளைத் தொடர வேண்டும். தொடரவில்லை என்றால் காட்டுங்கள். கண்மணி கறுப்பாக இல்லாமல் வெள்ளையாகத் தெரிந்தால், அல்லது படம் பிடிக்கும்போது ஒரு கண் மட்டும் பூனைக் கண் மாதிரி வெள்ளையாக மின்னினால் அன்றைக்கே புறப்படுங்கள். அது பிறவிக் கண்புரையாக இருக்கலாம், கண்ணுக்குள் வளரும் புற்றுநோயாகவும் இருக்கலாம். இரண்டு கண்ணும் அடர்ந்த புரையோடு பிறந்த பிள்ளைக்கு முதல் இரண்டொரு மாதத்துக்குள் அறுவை செய்தால்தான் நல்ல பார்வை கிடைக்கும். ஏன் என்றால், பார்ப்பது கண்ணின் வேலை மட்டும் இல்லை. மூளையும் பார்க்கப் பழக வேண்டும். பழக வேண்டிய காலத்தில் வெளிச்சம் உள்ளே போகவில்லை என்றால் பிறகு கண்ணைச் சரி செய்தாலும் மூளைக்குப் பார்க்கத் தெரியாது. "புள்ளை கொஞ்சம் பெரிசாகட்டும், அப்புறம் பாக்கலாம்" என்ற பேச்சு இந்த நோயில் உதவாது.

கண் வழக்கத்தைவிடப் பெரிதாக இருந்து, நீர் வடிந்து, வெளிச்சத்தைக் கண்டால் பிள்ளை முகத்தைத் திருப்பிக்கொண்டால் அது கண்ணுக்குள் அழுத்தம் கூடிய நோயாக இருக்கலாம். "கண்ணு எவ்வளவு பெரிசு, அழகு" என்று நாம் கொஞ்சிக்கொண்டிருப்போம். உள்ளே நரம்பு அழிந்துகொண்டிருக்கும். கருவிழி நிற்காமல் ஆடுவது, மாறுகண், பொழுது சாய்ந்தால் தடுமாறுவது, புத்தகத்தை மூக்கில் வைத்துப் படிப்பது, தலையைச் சாய்த்துக்கொண்டு பார்ப்பது எல்லாமே காட்ட வேண்டிய அடையாளங்கள்தான்.

மாதம் நிறையாமல் பிறந்த குழந்தைகளுக்குக் கண்ணின் உள்திரையில் இரத்தக் குழாய்கள் கோணலாக வளர்ந்து பார்வையைக் கெடுப்பதுண்டு. வெளியில் பார்த்தால் ஒன்றும் தெரியாது. பிறந்து நாலு முதல் ஆறு வாரத்தில் கண் டாக்டர் மருந்து விட்டுப் பார்ப்பார். ஆஸ்பத்திரியில் அந்தத் தேதி கொடுத்தால் எப்பாடு பட்டாவது போய்விடுங்கள். ஒரு நாள் பேர் போனால் சம்பளம் போய்விடும் என்பது எங்களுக்குத் தெரியாததில்லை. ஆனால் அந்தத் தேதியைத் தள்ளிப் போட்டால் திரும்பக் கிடைக்காத பொருள் போய்விடும். லீவு கிடைக்காமல் சிரமம் என்றால் சங்கத்துக் கிளைத் தலைவரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள்.

கண்ணில் தாய்ப்பால் விடுவது, நந்தியாவட்டைப் பூச்சாறு பிழிவது, விளக்கெண்ணெய் விடுவது எல்லாம் பழைய பழக்கம். பாட்டிகள் கோபித்துக்கொள்ளக் கூடாது, இவற்றை நிறுத்தத்தான் வேண்டும். சுத்தமில்லாத எதுவும் கண்ணில் பட்டால் புண்ணாகி, புண் தழும்பாகி, வெள்ளை விழுந்துவிடும். சாற்றைக் கண்ணில் விடாமல் கீரையை வயிற்றுக்குக் கொடுங்கள். முருங்கைக் கீரை, பப்பாளி, மஞ்சள் பூசணி, முட்டை இவற்றில் கண்ணுக்கு வேண்டிய வைட்டமின் ஏ சத்து உண்டு. அந்தக் காலத்தில் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு மாலைக்கண் வந்ததும், கருவிழி உருகிப் போனதும் இந்தச் சத்து இல்லாததால்தான். பாலுக்குப் பதில் இனிப்புக் கெட்டிப் பாலைக் கரைத்துக் கொடுத்தது அதில் ஒரு பெரிய காரணம். தட்டம்மை கண்டால் உடம்பில் உள்ள கொஞ்ச நஞ்சச் சத்தும் போய்விடும். அதனால்தான் அம்மைத் தடுப்பூசியைத் தவற விடாதீர்கள் என்று கிளினிக்கில் சொல்கிறார்கள். கர்ப்பிணிக்கு ரூபெல்லா என்ற ஜெர்மன் அம்மை வந்தால் வயிற்றுப் பிள்ளைக்குக் கண், காது, இருதயம் மூன்றும் பாதிக்கப்படலாம். அதே ஊசி அதையும் தடுக்கிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அக்காள் மகளைக் கட்டுவது, மாமன் மகள் அத்தை மகளைக் கட்டுவது நம் வழக்கம். சொந்தம் விட்டுப் போகக் கூடாது என்று செய்கிறோம். எல்லாப் பிள்ளையும் குறையோடு பிறப்பதில்லை, உண்மை. ஆனால் பரம்பரையாக வரும் சில கண் நோய்கள், உள்திரை மெல்ல மெல்லக் கருகிப் போகும் நோய் உட்பட, நெருங்கிய உறவில் கட்டினால் வருவதற்கு வாய்ப்பு அதிகம். வீட்டில் ஏற்கெனவே ஒருவருக்கு அப்படி இருந்தால் மறுபடி அதே உறவில் சம்பந்தம் பேசும் முன் டாக்டரைக் கேளுங்கள். இதைச் சொன்னால் மருமகளைத்தான் திட்டுவார்கள் சில வீடுகளில். இந்த நோய் தாய் தகப்பன் இரண்டு பக்கமும் இருந்து வருவது. ஒருத்தி தலையில் போடுவது அநியாயம்.

கண் போன ஒரு பையன்

1809-ல் பிரான்சு நாட்டில் குப்ரே என்ற சின்ன ஊரில் குதிரைச் சேணம் தைக்கும் தொழிலாளி ஒருவருக்கு ஒரு பிள்ளை பிறந்தது. பெயர் லூயி பிரெயில். மூன்று வயதில் அப்பாவின் பட்டறையில் தோலில் ஓட்டை போடும் ஊசியை எடுத்து விளையாடி ஒரு கண்ணைக் குத்திக்கொண்டான். புண் சீழ் பிடித்து மற்றக் கண்ணும் போயிற்று. நம் வீட்டிலும் பால் வெட்டும் கத்தி இருக்கிறது, செம்பனை முள் இருக்கிறது, பால் உறைய வைக்கும் திராவகம் இருக்கிறது, பூச்சி மருந்தும் புல் மருந்தும் சில வீடுகளில் ஒரஞ்சுப் போத்தலில் இருக்கிறது! பிள்ளையின் கைக்கு எட்டாமல் வையுங்கள். திராவகம் கண்ணில் பட்டால் உடனே சுத்தமான தண்ணீரால், இருபது நிமிஷமாவது, கண்ணைத் திறந்து பிடித்துக் கழுவிக்கொண்டே இருக்க வேண்டும். பிறகுதான் ஆஸ்பத்திரி. முள் குத்தி நின்றால் பிடுங்காதீர்கள், கசக்காதீர்கள். ஒரு கிண்ணத்தைக் கவிழ்த்த மாதிரி மேலே மூடி, அழுத்தாமல் கொண்டு போங்கள்.

அந்தத் தொழிலாளி மகன் பாரிசில் பார்வையற்றோர் பள்ளியில் படித்தான். அங்கே புத்தகங்களில் சாதாரண எழுத்தையே பெரிதாக மேடு தட்டி வைத்திருந்தார்கள். விரலால் தடவித் தடவிப் படிப்பதற்குள் பொழுது விடிந்துவிடும். எழுதவோ வழியே இல்லை. 1824-ல், தன் பதினைந்தாவது வயதில், ஆறே புள்ளிகளைக் கொண்டு ஒரு எழுத்து முறையை அவன் கண்டுபிடித்தான். 1829-ல் அது புத்தகமாக வந்தது. 1852-ல் அவர் காலமானார். உலகம் முழுக்கப் பார்வையற்றவர்கள் இன்றைக்கும் படிப்பது அந்த எழுத்தைத்தான்.

அது எப்படி என்று கோலம் போடத் தெரிந்தவர்களுக்கு ஒரு நிமிஷத்தில் சொல்லிவிடலாம். இரண்டு வரிசை, வரிசைக்கு மூன்று புள்ளி. அவ்வளவுதான். இந்த ஆறில் எதை மேடாக வைப்பது, எதை விடுவது என்பதை மாற்றி மாற்றி 63 விதமாக வைக்கலாம். ஒவ்வொரு விதமும் ஒரு எழுத்து, அல்லது ஒரு குறி. விரல் நுனி ஒரே தொடுதலில் ஒரு எழுத்தை அறிந்துவிடும், தடவிக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

தமிழுக்கும் இந்த எழுத்து உண்டு. இந்திய மொழிகள் எல்லாவற்றுக்கும் பொதுவாக 1951-ல் பாரதி பிரெயில் என்று ஒரு முறையை ஏற்படுத்தினார்கள். அதில் ஒரு வசதி இருக்கிறது. ஒலி ஒன்றாக இருந்தால் பெரும்பாலும் புள்ளியும் ஒன்றுதான். மலாயிலும் ஆங்கிலத்திலும் முதல் எழுத்துக்கு இடப்பக்கத்து மேல் புள்ளி ஒன்று. தமிழ் ‘அ’வுக்கும் அதேதான். தமிழ் ‘க’வுக்கு இடப்பக்கத்து மேல் புள்ளியும் கீழ்ப் புள்ளியும். மலாயில் ‘கே’ எழுத்துக்கும் அதே இரண்டுதான். ம, ந, ப, ர, ல எல்லாம் அப்படியே. பள்ளியில் மலாய் பிரெயில் படித்த பிள்ளைக்குத் தமிழ் எழுத்தில் ஒரு பங்கு ஏற்கெனவே தெரியும் என்று அர்த்தம். இதை ஏன் இவ்வளவு விவரமாகச் சொல்கிறோம் என்பது பின்னால் விளங்கும்.

எழுதுவதற்கு ஒரு சட்டமும் ஊசியும் உண்டு. தாளின் பின்பக்கத்திலிருந்து குத்துவதால் வலமிருந்து இடமாக எழுத வேண்டும். திருப்பினால் நேராக வரும். தட்டச்சு போல ஆறு விசை உள்ள பிரெயில் மெஷினும் இருக்கிறது. கணக்குக்கு மணிச்சட்டம்.

பினாங்கில் உள்ள இல்லம்

நம் பெரியவர்கள் பால் மரம் வெட்டிக்கொண்டிருந்த காலத்தில், 1926-ல், ஆங்கிலிக்கன் திருச்சபையின் மருத்துவ ஊழியர்கள் மலாக்காவில் பார்வையற்ற பிள்ளைகளுக்கு ஒரு இல்லம் தொடங்கினார்கள். 1931-ல் அது பினாங்குக்கு வந்தது. செயின்ட் நிக்கலஸ் இல்லம் என்பது அதன் பெயர். மலாயாவில் பார்வையற்றோருக்கு என்று ஏற்பட்ட முதல் இல்லம் அதுதான். ஜார்ஜ் டவுனில் பாகான் ஜெர்மால் சாலையில் இன்றும் இருக்கிறது. பெயர் கிறிஸ்துவப் பெயராக இருக்கிறதே என்று யாரும் தயங்க வேண்டாம். எல்லா இனத்தாரும் எல்லாச் சமயத்தாரும் அங்கே போகிறார்கள்.

தாய்த் தமிழ்நாட்டில் இதற்கும் முன்னாலேயே, 1890-ல், பாளையங்கோட்டையில் ஆஸ்க்வித் அம்மையார் பார்வையற்றோர் பள்ளியைத் தொடங்கியிருந்தார். நம் முன்னோர்களில் திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்தவர்களும் உண்டு. ஊரில் அந்தப் பள்ளியைக் கேள்விப்பட்டவர்கள்கூடக் கடல் தாண்டி வந்த பிறகு மறந்துவிட்டார்கள் போலும். மலாயாவில் அடுத்ததாக 1948-ல் ஜொகூர் பாருவில் இளவரசி எலிசபெத் பள்ளி வந்தது. 1951-ல் மலாயாப் பார்வையற்றோர் சங்கம் அமைந்தது. 1962-லிருந்து பார்வையற்ற பிள்ளைகளைச் சாதாரணப் பள்ளிகளிலேயே மற்றப் பிள்ளைகளோடு சேர்த்துப் படிக்க வைக்கும் திட்டமும் நடைமுறைக்கு வந்தது.

பழைய காலத்தில் இந்த இல்லங்களில் பிரம்புக் கூடை பின்னக் கற்றுக் கொடுத்தார்கள், பிறகு டெலிபோன் சுவிட்ச்போர்டு வேலைக்குப் பழக்கினார்கள். இப்போது கம்ப்யூட்டர் வந்துவிட்டது. திரையில் உள்ளதை வாய் விட்டுப் படித்துக் காட்டும் மென்பொருள் இருக்கிறது. உங்கள் பையில் உள்ள கைத்தொலைபேசியிலேயே அந்த வசதி உள்ளது, தமிழிலும் படிக்கும். கண் தெரியாதவர்கள் ஆசிரியராகவும் வக்கீலாகவும் இருக்கும் காலம் இது.

செயின்ட் நிக்கலஸ் போன்ற இல்லத்தில் முக்கியமாகக் கிடைப்பது என்ன? சின்னப் பிள்ளைக்கு ஆரம்பப் பயிற்சி. பல் விளக்க, சட்டை போட, சோறு பிசைந்து தானே சாப்பிடப் பழக்குவது. வெள்ளைக் கோலைப் பிடித்து நடப்பது. பார்வை கொஞ்சம் உள்ளவர்களுக்கு அதை எப்படி உபயோகிப்பது என்று காட்டுவது. பிரெயில் புத்தகங்களும் அங்கே உண்டு. குறைபார்வைப் பிள்ளைக்கு எல்லாம் பிரெயில் தேவையில்லை என்பதையும் சொல்ல வேண்டும். பெரிய எழுத்து, தடித்த கறுப்புப் பேனா, சாய்வுப் பலகை, பூதக்கண்ணாடி, ஜன்னல் வெளிச்சம் முகத்தில் அடிக்காத இடத்தில் முன் வரிசை நாற்காலி. இவ்வளவில் பல பிள்ளைகள் படித்துவிடுவார்கள். இதில் பாதி காசில்லாமல் ஆகும் காரியம். வகுப்பு ஆசிரியரிடம் ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

அரசாங்கப் பள்ளிக்கூடம்

ஆரம்பப் பள்ளிப் படிப்பு 2003-லிருந்து இந்த நாட்டில் கட்டாயம். 2008-ல் வந்த உடற்குறையுள்ளோர் சட்டம், குறை இருக்கிறது என்பதற்காக ஒரு பிள்ளையைக் கல்வியிலிருந்து ஒதுக்கக் கூடாது என்கிறது. 2019-லிருந்து கல்வியமைச்சு, எந்தப் பிள்ளையையும் திருப்பி அனுப்பக் கூடாது என்ற கொள்கையை நடத்தி வருகிறது. ஆகவே "இந்தப் புள்ளைக்கு இங்க இடம் இல்ல" என்று யாராவது சொன்னால் தலையைக் குனிந்துகொண்டு வீட்டுக்கு வராதீர்கள். மாவட்டக் கல்வி அலுவலகத்துக்குப் போங்கள்.

வழி மூன்று. பார்வைக் குறையுள்ளோருக்கே உரிய சிறப்புப் பள்ளி ஒன்று. செபராங் பிறை பக்கத்தில் புக்கிட் மெர்தாஜாம் அல்மாவில் அப்படிப்பட்ட ஆரம்பப் பள்ளி உண்டு. இடைநிலைக்குக் கோலாலம்பூர் செத்தாப்பாக்கில் இருக்கிறது. சாதாரணப் பள்ளியில் தனி வகுப்பு வைத்திருப்பது இரண்டாவது. மற்றப் பிள்ளைகளோடு ஒரே வகுப்பில், உதவி ஆசிரியரோடு படிப்பது மூன்றாவது. எது உங்கள் பிள்ளைக்கு என்பதை டாக்டர் அறிக்கையைப் பார்த்துக் கல்வி அலுவலகம் முடிவு செய்யும். சேர்ந்த பிறகு மூன்று மாதம் வரை சோதனைக் காலம் உண்டு. அதற்குள் பிள்ளைக்கு எந்த இடம் பொருந்துகிறது என்று பார்ப்பார்கள். பயப்படுவதற்கு ஒன்றுமில்லை.

இப்போது மனசைத் தொடும் இடத்துக்கு வருவோம். சிறப்புப் பள்ளி என்றால் விடுதி. ஏழு வயதுப் பிள்ளையை, அதுவும் கண் தெரியாத பிள்ளையை விட்டுவிட்டு வர எந்தத் தாய்க்கு மனசு வரும்? "பெத்தவளே தள்ளி விட்டுட்டா" என்று லயத்தில் நாலு பேர் பேசுவார்கள். ஒன்று சொல்கிறோம். அங்கே உங்கள் பிள்ளை முதன்முதலாகத் தன்னைப் போன்ற இன்னொரு பிள்ளையைச் சந்திக்கும். வீட்டில் அது மட்டுமே கண் தெரியாத பிள்ளை. அங்கே எல்லாரும் அப்படித்தான், எல்லாரும் ஓடுகிறார்கள், சண்டை போடுகிறார்கள், துணி மடிக்கிறார்கள். அந்தத் தைரியத்தை வீட்டில் யாராலும் கொடுக்க முடியாது. ஆனால் விடுமுறைக்கு ஒரு தடவை விடாமல் அழைத்து வர வேண்டும். வந்தால் மறுபடி ஊட்டிவிடாதீர்கள். தானே பிசைந்து சாப்பிடும் பிள்ளையை நீங்கள் ஊட்டினால் மூன்று மாதப் படிப்பு மூன்று நாளில் போய்விடும்.

மொழி விஷயம் ஒன்று. இந்தப் பள்ளிகளில் பாடம் மலாயில்தான். தமிழ்ப் பள்ளிகளில் உள்ள சிறப்பு வகுப்புகள் பெரும்பாலும் கற்றல் சிரமம் உள்ள பிள்ளைகளுக்கானவை. அதனால் நம் பிள்ளை மலாய் நன்றாகப் படிக்கும், ஆங்கிலமும் படிக்கும். ஆனால் தமிழில் பெயர் எழுதத் தெரியாமல் வளர்ந்துவிடும். இதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ள எங்களுக்கு மனமில்லை. முன்னே சொன்னோமே, புள்ளிகளில் ஒரு பங்கு அதற்கு ஏற்கெனவே தெரியும் என்று. மிச்சத்தைச் சொல்லிக் கொடுக்க ஒரு ஆள் கிடைத்தால் போதும். தமிழ் பிரெயில் அட்டவணையை வாங்கி வைத்துக்கொண்டு, படித்த அண்ணனோ அக்காளோ விடுமுறையில் நாளைக்கு இரண்டு எழுத்து சொல்லிக் கொடுக்கலாம். முட்டை வைக்கும் அட்டையில் ஆறு குழியை வெட்டி எடுத்து, கோலிக்குண்டுகளைப் போட்டு எடுத்து விளையாட்டாகவே கற்றுக் கொடுக்கலாம். கண் தெரிந்தவர்களுக்கு அதைக் கற்பது கஷ்டமே இல்லை. தேவாரமோ திருக்குறளோ காதால் கேட்டு மனப்பாடம் செய்யும் சக்தி இந்தப் பிள்ளைகளுக்கு நம்மைவிட நன்றாகவே பழகியிருக்கும்.

பள்ளிக்கு முன்னால் வீட்டில்

ஐந்து வயது வரை வீடுதான் பள்ளி. பேசிக்கொண்டே இருங்கள். தூக்கும் முன்னால் "அம்மா தூக்கப் போறேன்" என்று சொல்லுங்கள், திடீரென்று தூக்கினால் பிள்ளை பயப்படும். கொலுசு போட்ட தாய் நடக்கும் திசை பிள்ளைக்குத் தெரியும். சத்தம் வரும் பொருளைக் கொஞ்சம் தள்ளி வைத்து எட்டி எடுக்க விடுங்கள். கண் தெரிந்த பிள்ளை ஆசைப்பட்டுத் தவழும். இந்தப் பிள்ளைக்கு ஆசைப்பட எதுவும் தெரிவதில்லை, அதனால் தவழாது. சத்தம்தான் அதற்கு ஆசை காட்ட வேண்டும். தேங்காயைத் தொட்டுப் பார்க்கட்டும், துருவலைத் தொடட்டும், பாலைச் சுவைக்கட்டும். இல்லாவிட்டால் தேங்காய் என்றால் சட்டினியில் வருவது என்று மட்டும் நினைத்து வளரும். வீட்டுச் சாமான்களை இடம் மாற்றாதீர்கள். மாற்றினால் கையைப் பிடித்துக் காட்டுங்கள். கண்ணை விரலால் அமுக்கும் பழக்கம், ஆடிக்கொண்டே இருக்கும் பழக்கம் வந்தால் அடிக்காதீர்கள். சும்மா உட்கார வைத்ததால் வந்தது அது. கைக்கு வேலை கொடுங்கள், பருப்பில் கல் பொறுக்கச் சொல்லுங்கள்.

"குருடு" என்று கூப்பிடும் பழக்கத்தையும் விடுங்கள். அதற்கு ஒரு பெயர் வைத்திருக்கிறீர்களே!

கடதாசிகள்

பிறப்புப் பத்திரம் முதலில். நம்மவர்களில் சிலருக்கு இங்கேதான் இடறுகிறது. பிள்ளைக்கு ஐந்து வயதாகியும் பத்திரம் இல்லாத வீடுகள் உண்டு. பத்திரம் இல்லாமல் அடுத்த கடதாசி எதுவும் நகராது. தாமதமாகப் பதிவதற்கும் வழி உள்ளது, நீளமான வழி. ஆகவே இன்றைக்கே தொடங்க வேண்டும், கிளைக் காரியாலயத்தில் கேட்டால் எழுதிக் கொடுப்பார்கள்.

அடுத்தது ஓ.கே.யூ. அட்டை. சமூக நலத்துறையில் பாரத்தை வாங்கி, அரசாங்க ஆஸ்பத்திரி கண் டாக்டரிடம் பார்வை அளவை எழுதி வாங்கி, படமும் பத்திரமும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். காசு கிடையாது. இடையில் யாராவது "நான் எடுத்துத் தர்றேன், இருநூறு வெள்ளி கொடு" என்றால் கொடுக்காதீர்கள். அட்டை இருந்தால் அரசாங்க ஆஸ்பத்திரியில் கட்டணச் சலுகை உண்டு. சிறப்புக் கல்வியில் சேர்ந்த பிள்ளைக்குக் கல்வியமைச்சு மாதம் 150 வெள்ளி என்ற கணக்கில் உதவித்தொகை கொடுத்து வருகிறது, பள்ளியிலேயே கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். சில பெற்றோர் "அட்டை வாங்கினா ஊனம்னு முத்திரை குத்தின மாதிரி, நாளைக்குத் தங்கச்சி கலியாணத்துக்கு ஆகாது" என்று தள்ளிப் போடுகிறார்கள். அட்டை வாங்காமல் இருந்தால் மட்டும் கண் தெரிந்துவிடுமா?

பினாங்குப் பெரிய ஆஸ்பத்திரியின் கண் பிரிவுக்கு நேராகப் போனால் நாள் வீணாகும். அருகில் உள்ள அரசாங்கக் கிளினிக்கில் கடிதம் வாங்கிக்கொண்டு போங்கள். பிள்ளையின் பிறப்பு முதல் உள்ள கிளினிக்குப் புத்தகத்தையும் மறக்காமல் எடுத்துக்கொள்ளுங்கள், எத்தனை மாதத்தில் பிறந்தது, என்ன எடை, என்ன ஊசி போட்டது என்று டாக்டர் அதில்தான் பார்ப்பார். கண்ணில் மருந்து விட்டுக் கண்மணியை விரித்துப் பார்ப்பார்கள். சில மணி நேரம், சில பிள்ளைகளுக்கு மறுநாள் வரைக்கும், வெளிச்சம் கூசும், கிட்டத்தில் உள்ளது மங்கும். பயப்பட வேண்டாம், தானாகத் தெளிந்துவிடும். ஒரு தொப்பி எடுத்துக்கொள்ளுங்கள். காலையில் போனால் முடிய மத்தியானம் தாண்டிவிடும், ஆகையால் சோற்றுக் கட்டும் தண்ணீரும் வேண்டும். பட்டர்வொர்த்திலிருந்து பெர்ரியில் போகிறவர்கள் பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வைத்து, கடல் சத்தம் இது, சங்கு ஊதுவது இது என்று சொல்லிக்கொண்டே போங்கள்.